வாய் உத்தரவு

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதற்காக விசாரித்துவிட்டேன்.

அம்மாவின் காரியங்கள் முடிந்து நீ கிளம்பிய மறுநாள் போனில் நாம் ஒருவரையொருவர் பேசிய பேச்சுக்குப் பிறகு, நான்கு வருஷமாக உன் எண்ணிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதில்லை. இனியும் எடுக்க மாட்டேன். போனில் ஒன்று சொல்வாய், அடுத்த வாரம் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பாய். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது. எழுதியதை மென்று விழுங்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளை ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையில் சங்கத்தின் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. ஓய்வு பெறும் நர்சுகளுக்கு என்ன கொடுப்பது என்று நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டதாம். கீழே செயலாளர் என்று உன் கையெழுத்து. தொடர்ந்து பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு மாத ஓய்வூதியமும், உயிரோடு இருக்கும்வரை நம் ஆஸ்பத்திரிகளில் இலவசச் சிகிச்சையும் கொடுப்பார்களாம். மற்றவர்களுக்கு ஒரே ஒரு தடவை ஒரு தொகை, அதோடு கும்பிடு.

நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அம்மா படுத்தபோது விடுப்பு கேட்டேன், கொடுக்கவில்லை, வேலையை விட்டேன். அம்மா போன பிறகு திரும்பச் சேர்ந்தபோது புது ஆள் என்று சேர்த்துக்கொண்டார்கள். இனி ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாலும் எனக்குப் பன்னிரண்டு வருஷம்தான் வரும். பழைய பதினெட்டும் காற்றோடு போச்சு. எதற்காக விட்டேன், யார் விடாமல் இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும்.

அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது நீ. எங்களைப் போன்றவர்களுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

தங்கை


பிப்ரவரி 26

தங்கைக்கு,

நான்கு வருஷத்துக்குப் பிறகு உன் எழுத்தைப் பார்த்தேன். இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. நான் நலம். முழங்கால்கள் இரண்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கின்றன. ஆபரேஷன் தியேட்டரில் காலம் பூராவும் நின்றவர்களுக்கு அது சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது. உன் வீட்டுக்காரர் நலமா? அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று சொல்.

மேசையில் உட்கார்ந்திருப்பது பெரிய சுகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர்கள் பக்கம் சுழல் நாற்காலிகள். எங்கள் பக்கம் வெளிநோயாளிகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். குளிர்சாதனக் காற்று நேராக எங்கள் தலையில் அடிக்கிறது. அவர்களுடைய வக்கீல் எதைக் கேட்டாலும் "பரிசீலிக்கலாம்" என்கிறார். அந்த ஆளுக்கு அம்மா வைத்த பெயரே பரிசீலிக்கலாம்தானோ என்று சங்கத் தலைவர் கேட்டார்.

நிர்வாகத்தின் தரப்பில் முடிவு சொல்கிறவர் பெரிய டாக்டர். இன்றைக்கு அவர் இயக்குநர். இருபது வருஷம் தியேட்டரில் அவருக்குக் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்தவள் நான். அவர் கையை நீட்டும்போதே என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரை எப்படிப் பேசவைப்பது என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

இடையில் வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வந்தவள் நீ ஒருத்தி மட்டும் இல்லை. எல்லோருக்குமாகத்தான் பேசுகிறேன். அப்புறம், "யார் விடாமல் இருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அம்மாவின் மருந்துச் செலவு மாதாமாதம் எங்கிருந்து வந்தது என்பதையும் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கலாம். நானும் வேலையை விட்டிருந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

நலம்தான். வீட்டுக்காரரும் நலம். உனக்கு அவர் மேல் கோபமில்லை என்றதைச் சொன்னேன், ரொம்பப் பெரிய மனசு என்றார். முழங்காலுக்கு வேலையில் இருக்கும்போதே ஆபரேஷன் செய்துகொள். இப்போது செலவில்லை. உன்னைப் பார்த்து யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், எல்லோரும் உன்னைக் கண்டு பயப்படுகிறவர்கள்.

பணம் அனுப்பினாய். இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பணம் அம்மாவைப் புரட்டிப் போட்டதா? ஒரு பக்கம் அசைவில்லாமல் கிடந்த உடம்பை நேரம் தவறாமல் புரட்டினேன். கடைசிவரை ஒரு படுக்கைப் புண் வரவிடவில்லை. எந்த வார்டு சிஸ்டரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வந்து அந்த முதுகைக் காட்டியிருப்பேன். நீ வந்தது மூன்றே தடவை. மூன்று தடவையும் தோள்பையைக் கீழே இறக்காமல் வாசற்படியில் நின்றாய், பஸ் பிடிக்கப் போகிறவள் மாதிரி.

ஊருக்கெல்லாம் உரிமை வாங்கிக் கொடுக்கிறவள், வீட்டில் இருக்கிறவளை மறந்துவிடாதே என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன் என்ற சொல் எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உனக்குத் தெரியும்.

தங்கை


ஏப்ரல் 5

தங்கைக்கு,

நலம். உன் நலத்தை இந்தக் கடிதம் கொஞ்சம் கூட்டும் என்று நினைக்கிறேன். முழங்காலைப் பற்றிப் பேச்சுவார்த்தை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது நான் மூன்று மாதம் படுத்துவிட்டால் என் நாற்காலியில் யார் உட்காருவது?

உன் விஷயம் முடிந்தது.

நேற்று பேச்சுவார்த்தை நடுவில் வக்கீல் ஏதோ போன் பேச வெளியே போனார். அந்த இடைவெளியில் நான் பெரிய டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிள்ளைக்கோ முடியாமல் போய் வேலையை விட்டவர்களைப் புது ஆள் என்று எழுதுவது நியாயமா, அவர்கள் வீட்டில் செய்ததும் நர்ஸ் வேலைதானே என்றேன். தியேட்டரில் யோசிக்கிற மாதிரியே கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "சரி சிஸ்டர், அவங்க பழைய வருஷத்தையும் சேர்த்துக்கலாம்" என்றார். நான் வழக்கம்போலத் திருப்பிச் சொன்னேன். "குடும்பத்துல நோயாளியப் பாக்க வேலைய விட்டவங்களுக்குப் பழைய வருஷமும் புது வருஷமும் சேத்துக் கணக்கு. சரிங்களா டாக்டர்?" என்றேன். "ஆமா சிஸ்டர், அப்படியே" என்றார்.

அவ்வளவுதான். வக்கீல் திரும்பி வந்தபோது அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். ஒப்பந்தம் டைப் ஆகி வந்துவிடும்.

வாசற்படியில் நின்றேன் என்று எழுதியிருந்தாய். முதல் தடவை வந்தபோது அம்மாவின் முதுகைத் துடைக்க நான் துணியை எடுத்தேன். நீ என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, "உனக்கு மயக்கத்துல இருக்கிறவங்களத்தான் பாக்கத் தெரியும், விடு" என்றாய். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பையை எங்கே இறக்கிவைப்பது?

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

நலம். இன்றைக்கு உன் நலத்தையும் உண்மையாகவே விசாரிக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வார்டில் நெட்டையக்கா என்று ஒருவர் இருக்கிறார். மாமனாருக்கு வாதம் வந்து வேலையை விட்டுத் திரும்பி வந்தவர். அவரிடம் சொன்னேன். மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க அக்கா வாயில சர்க்கரை போடணும்" என்றார். எனக்கு உன்னைப் பற்றி நல்லது கேட்டுப் பழக்கமில்லாததால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் பரவாயில்லை. அவர் சொன்னதை எழுத்தில் வாங்கினாயா? நோயாளி மேசையில் கிடக்கும்போது டாக்டர் வாயால் சொல்வார், நாம் திருப்பிச் சொல்வோம், ஆமாம் என்றதும் ஊசியைப் போடுவோம். ஆனால் அந்த வாய் உத்தரவுக்கு டியூட்டி முடிவதற்குள் அவர் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் ஊசி போட்டது நம் தலையில் விடியும். எழுதாதது நடக்காதது என்று பயிற்சிப் பள்ளியில் உனக்குச் சொன்ன அதே மேட்ரன்தான் எனக்கும் சொன்னார்.

துணியைப் பிடுங்கியதை நான் மறக்கவில்லை. நீ பிடித்த விதம் தப்பு. இப்போது பிடித்தாலும் பிடுங்குவேன்.

பதில் எழுது.

தங்கை


மே 21

மதிப்பிற்குரிய சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

தாங்கள் நலம் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாகப் பதில் எழுத முடியாத அளவுக்கு நலமாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது.

ஒப்பந்தத்தின் நகல் இன்று காலை எங்கள் பலகைக்கு வந்தது. நானும் நெட்டையக்காவும் நின்றுகொண்டே கடைசிப் பக்கம்வரை படித்தோம். "தொடர்ந்து" என்ற சொல் அப்படியே இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வேலையை விட்டவர்கள் என்ற வரி எங்கேயும் இல்லை. அடிக்குறிப்பில்கூட இல்லை. நெட்டையக்கா மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரலிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

ஜூன் கடைசியில் உறுப்பினர் கூட்டம். ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று அங்கே ஓட்டெடுப்பு. நீங்கள் மேடையில் எழுந்து, பெரிய டாக்டர் என்ன சொன்னார், நீங்கள் என்ன திருப்பிச் சொன்னீர்கள் என்பதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கிளை ஆஸ்பத்திரி நர்ஸ், புது ஆள்


மே 31

தங்கைக்கு,

"மதிப்பிற்குரிய" என்று எழுதினால் எனக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாய். வலித்தது. சந்தோஷமா?

டைப் ஆகி வந்ததும் வரியைத் தேடினேன், இல்லை. அன்றே பெரிய டாக்டரின் அறைக்குப் போய் நின்றேன். "நான் அப்படியா சொன்னேன் சிஸ்டர்? ஞாபகம் இல்லையே" என்றார். இருபது வருஷம் அந்த மனுஷன் வாயால் சொன்ன உத்தரவு ஒன்றுக்குக்கூடக் கையெழுத்துப் போடாமல் கை கழுவிப் போனதில்லை. நாள் முடிவதற்குள் தானே வந்து கேட்டு வாங்கிப் போடுவார். அந்தப் பழக்கத்தில் நம்பிவிட்டேன். தியேட்டரில் இருந்தவர் டாக்டர், இங்கே இருக்கிறவர் முதலாளி என்பது என் மண்டையில் ஏறவில்லை. போதுமா? இதை எழுத்தில் கேட்டாய், எழுதிவிட்டேன்.

ஆனால் நீ கேட்டதை நான் செய்யப் போவதில்லை. கூட்டத்தில் இதைக் கிளப்பினால் ஒப்பந்தமே விழும். பத்தில் எட்டுப் பேருக்கு இது நல்ல ஒப்பந்தம். ஓய்வூதியம் என்ற வார்த்தையே இல்லாமல் வீட்டுக்குப் போன நர்சுகளை நான் பார்த்திருக்கிறேன். தியேட்டரில் என்னோடு நின்றவள் ஒருத்தி இன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறாள். கையெழுத்தாகும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் இது செல்லும் என்றும் எழுதியிருக்கிறார்கள். தள்ளிப் போகப் போக ஆட்கள் வெளியே போய்க்கொண்டே இருப்பார்கள். ஜூலைக்குள் முடிந்தாக வேண்டும். மிச்சத்தை அடுத்த பேச்சுவார்த்தையில் பார்த்துக்கொள்ளலாம்.

உன் ஒருத்திக்காக எல்லோர் வாயிலும் மண்ணைப் போடச் சொல்லாதே.

முழங்காலைப் பற்றி இனிமேல் கேட்காதே.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

கேட்கவில்லை.

என் ஒருத்திக்காக என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கிளையில் மட்டும் விசாரித்துப் பார்த்தேன். குறைமாதக் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தவள், அப்பாவுக்குப் புற்று வந்து இருந்தவள், தம்பிக்குச் சித்தம் கலங்கிப் பூட்டிய கதவுக்கு வெளியே காவல் இருந்தவள், நெட்டையக்கா, நான். வேலையை விட்ட ஆண் நர்ஸ் ஒருவர்கூட இல்லை. வீட்டில் ஒருவர் விழுந்தால் எந்தச் சம்பளம் நிற்கும் என்பது எல்லா வீட்டிலும் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. நம் வீட்டில் மட்டும் இரண்டு நர்ஸ் இருந்ததால் அதிலேயே சின்னவளாகப் பார்த்து நிறுத்தினார்கள்.

அடுத்த பேச்சுவார்த்தை என்கிறாய். இந்தத் தடவை பந்தியில் இடமில்லை என்கிறார்கள், அடுத்த தடவை இலை ஓட்டை என்பார்கள்.

வேண்டாம் என்று ஓட்டுப் போடச் சொல்லி ஒவ்வொரு வார்டாகப் போகிறேன். மற்ற கிளைகளுக்கும் போகிறோம். கூட்டத்துக்கு வருவேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன். மேடையிலிருந்து என்னைப் பார்த்தால் சிரித்துவைக்காதே.

தங்கை


ஜூலை 2

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பின்வரிசையிலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன். மேடையில் இருந்ததால் இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்காது. சங்கத் தலைவர் ஒப்பந்தத்தைப் புகழ்ந்து பேசி முடித்தபோது பாதிக் கூட்டம் கை தட்டியது. நான் எழுந்து, வேலையை விட்டவர்களைப் பற்றிப் பேச்சுவார்த்தையில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். தலைவர், "அப்படி எதுவும் பேசல, உக்காருங்கம்மா" என்றார். நான் உட்காரவில்லை. ஆனால் உன் கடிதத்தை எடுத்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. நீ பேச மாட்டாய் என்று எழுதியே கொடுத்திருந்தாயே.

நீ மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். ஒலிபெருக்கிவரை நடக்க உனக்கு எவ்வளவு நேரமானது என்று நான் பார்த்தேன். அந்த நடை உன் நடையே இல்லை. "பேசினோம். அவர் சேத்துக்கலாம்னு சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். ஆமான்னார். எழுதி வாங்காதது என் தப்பு. சொல்லலைன்னு யாராவது சொன்னா அது பொய்" என்றாய். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். என் பக்கத்தில் இருந்தவள், "நர்ஸ் திருப்பிச் சொல்லி டாக்டர் ஆமான்னா அது உத்தரவு" என்று கத்தினாள். அது ஒவ்வொரு வரிசையாகப் பரவியது. வேலையை விடாதவர்கள்கூட எங்கள் பக்கம் கை தூக்கினார்கள். நம் எல்லோருக்கும் என்றைக்காவது ஒரு டாக்டர் "ஞாபகம் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தம் விழுந்தது. நான் ஜெயித்தேன். வெளியே வந்து பஸ்ஸில் ஏறினால், முன் இருக்கையில் உன் தியேட்டர்க்காரிகள் இருவர் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். "ஜூலைக் கடைசியோட வீட்டுக்குப் போறா, தனக்குன்னு இருந்ததையும் சேத்துக் கவுத்துட்டா, பைத்தியம்" என்றாள் ஒருத்தி.

ஜூலைக் கடைசியா? உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! ஜூலைக்குள் முடிந்தாக வேண்டும் என்று எழுதினாயே, உனக்கு என்று ஒரு வார்த்தை எழுத உன் பேனாவில் மை இல்லையா? வேண்டாம் என்று ஓட்டுக் கேட்டு வார்டு வார்டாக அலைந்த என்னை என்ன என்று நினைத்தாய்? முழங்கால் ஆபரேஷனை இந்தப் பேச்சுவார்த்தைக்காகத் தள்ளிவைத்து, கடைசியில் அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் நிற்கிறாய். என் தலையில் பழியைத் தூக்கி வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறாய். நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஏன் சொல்லவில்லை?

தங்கை


ஜூலை 23

தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இனிமேல்தான் உனக்கு வேலை அதிகம்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா ஒரு வயது கூட்டிப் போட்டார். உனக்கும் தெரியும், எத்தனையோ தடவை இதைச் சொல்லி என்னைக் கிழவி என்று கேலி செய்திருக்கிறாய். குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்கிறவளுக்கு அக்காவின் வயது தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்வது?

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ வேண்டாம் என்று ஓட்டுக் கேட்டிருக்க மாட்டாய். கேட்டிருந்தாலும் பாதி மனசோடு கேட்டிருப்பாய். அல்லது, தன் பிழைப்புக்காகத்தான் இந்த ஒப்பந்தத்தைத் தாங்குகிறாள் என்று சொல்லியிருப்பாய். அதில் பாதி உண்மை இருந்தது. அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. எது முதல் காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்காக எழுந்தேன் என்று நினைத்துக்கொண்டு திரியாதே. உட்கார்ந்தே இருப்பதாகத்தான் இருந்தேன். "அப்படி எதுவும் பேசல" என்று தலைவர் சொன்னதும் உடம்பு தானாக எழுந்துவிட்டது. திருப்பிச் சொன்ன உத்தரவை இல்லை என்று சொல்ல நான் யாரையும் விட்டதில்லை. நீ இல்லாமல் வேறு யார் கேட்டிருந்தாலும் எழுந்திருப்பேன்.

தியேட்டரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. தேநீர் அறைக்குள் நான் நுழைந்தால் எல்லோருக்கும் ஏதோ வேலை வந்துவிடுகிறது. கடைசி நாளில் கேக் வெட்டுவது வழக்கம், இந்தத் தடவை இருக்காது. எனக்குச் சர்க்கரையும் கொஞ்சம் இருக்கிறது, நல்லதாகப் போயிற்று.

கொஞ்ச நாள் எழுதாதே. எழுதினாலும் பதில் போட மாட்டேன்.

அக்கா


நவம்பர் 27

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. எனக்கே தெரியும். போன வாரம் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி வரிசையில் நீ நின்றதை நெட்டையக்காவின் மகள் பார்த்திருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். உன்னிடம் வேலை கற்றவர்கள் உன்னைத் தாண்டிப் போனார்களாம். கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஊசி போட்ட நோயாளிகள் பாவம்.

நான்கு மாதம் எழுதாமல் இருந்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தம் விழுந்த பிறகு பேச்சுவார்த்தைக் குழுவை மாற்றினார்கள், எங்கள் கிளையிலிருந்து என்னை அனுப்பினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, தலையில் குளிர்க்காற்று, எல்லாம் நீ எழுதியபடியே. பெரிய டாக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் காகிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினேன். முதலில் சிரித்தார். மூன்றாம் தடவை, "நீங்க அந்த தியேட்டர் சிஸ்டரோட தங்கச்சியா?" என்று கேட்டார். "இதையும் எழுதிக் கொடுக்கவா?" என்றேன். அதன் பிறகு சிரிக்கவில்லை.

நேற்று கையெழுத்தானது. வீட்டில் நோயாளியைப் பார்க்க வேலையை விட்டவர்களுக்குப் பழைய வருஷம் சேரும். நெட்டையக்கா மறுபடியும் மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையெழுத்தான நாளுக்கு முன் ஓய்வு பெற்றுப் போனவர்களையும் சேர்க்கச் சொல்லி மூன்று கூட்டம் சண்டை போட்டேன். முடியவில்லை. கல்லில் நார் உரிக்கலாம், அந்த வக்கீலிடம் உரிக்க முடியாது.

அதனால் வேறு வழியாகப் போனேன். வேலையில் இருக்கிற எங்களுக்கு, எங்களோடு சேர்த்து அம்மா அப்பாவுக்கும் இலவசச் சிகிச்சை உண்டு. அவர்கள் போய்விட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும். ஆதரவில்லாத உடன்பிறந்தவர் ஒருவரை அந்த இடத்தில் சேர்க்கலாம் என்று ஒரு வரி கேட்டேன். அற்ப விஷயம் என்று வக்கீல் விட்டுவிட்டார். ஆதரவில்லாத என்ற சொல் உனக்குப் பிடிக்காது. அது சட்டம் கேட்கிற சொல், குறை இருந்தால் வக்கீலிடம் போய்ச் சொல்.

அம்மா இருந்த இடத்தில் உன்னைப் போட்டிருக்கிறேன். உன்னை யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதி எங்கள் ஆஸ்பத்திரியில் வலது முழங்கால், ஆறிய பிறகு இடது. அதுவரை என் வீட்டில்தான் இருக்க வேண்டும். அம்மா படுத்திருந்த அறை. உன் முதுகை நான்தான் துடைப்பேன், நீ வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். அம்மாவைப் பார்த்தேன், இப்போது உன்னையும் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

தங்கை


டிசம்பர் 6

தங்கைக்கு,

நலமில்லை. முதல் தடவையாக எழுதுகிறேன், நலமில்லை. அந்த வரிசையில் நின்று வந்த நாளோடு படி ஏறி இறங்குவதே நின்று போயிற்று.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, முடியாது என்று நான்கு பக்கம் எழுதினேன். என்னை ஆதரவில்லாதவள் என்று எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பதிலேயே இரண்டு பக்கம் போயிற்று. அதைத் தபாலில் போட நான் கீழே இறங்க வேண்டும், இறங்க முடியவில்லை. அதனால் கிழித்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய்ப் போடுவார்.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன். ஜனவரி ஆறு. வலது முழங்கால், பிறகு இடது. அதுவரை உன் வீடு, அம்மாவின் அறை. முதுகைத் துடைப்பது நீ. நான் வாயைத் திறக்கக் கூடாது. கோபம் குறையவில்லை, இரண்டு பக்கமும்.

சரியா? சரி என்றால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வாயால் சொன்னதை நான் இனிமேல் நம்புவதில்லை. வந்ததும் பையை எங்கே இறக்கிவைப்பது என்பதையும் அதில் எழுது.

அக்கா